ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிள்: அறிகுறியிலிருந்து கோளாறைக் கண்டறிதல்

பெங்களூரிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் இறங்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கேற்ற அகல டயர் சைக்கிள்) ஓட்டுகிறவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி, திப்பகொண்டனஹள்ளி, மஞ்சனபெலெ நீர்த்தேக்கங்களைக் கடந்து, ராமநகரத்தையும் கனகபுரத்தையும் தொட்டுக்கொண்டு, சங்கமம் என்னும் இடத்தில் காவிரியோடு சேர்கிறது. அந்த ஆற்றின் வழியிலும், அதற்கு மேற்கே கண்வா, ஷிம்ஷா ஆறுகளின் ஓரத்திலும், மண்டியா மாவட்டக் கால்வாய்க் கரைகளிலும், சோமநாதபுரம், தலக்காடு போன்ற பழைய ஊர்களுக்குப் போகும் வண்டித்தடங்களிலும் சைக்கிளுக்கும் ஓட்டுகிறவருக்கும் நேரும் தொல்லைகளை, கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் அறிகுறியில் தொடங்கிக் காரணம் வரை பின்தொடர்வது இதன் நோக்கம்.

இந்தப் பகுதியில் ஒரே நாள் ஓட்டத்துக்குள் தரை பலமுறை மாறிவிடுகிறது. மாகடி, ராமநகரம் பக்கம் கருங்கல் பாறையும் அதிலிருந்து உதிர்ந்த கூர்மையான சல்லியும் இருக்கின்றன; கேழ்வரகும் மல்பெரியும் விளையும் மேட்டு நிலத்தில் செம்மண்; மண்டியாவில் வயலோரக் களிமண்; காவிரிக் கரையில் மணல்; கொள்ளேகாலம், சாமராஜநகர் பக்கம் போனால் ஆங்காங்கே கரிசல். தரை மாறினால் கோளாறின் வகையும் மாறுகிறது. ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பு, கடைசி அரைக் கிலோமீட்டர் எப்படிப்பட்ட தரையில் வந்தோம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். காரணத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

காற்று மெல்ல மெல்ல இறங்குகிறது

செம்மண் மேட்டிலும் ஏரிக்கரைகளிலும் வந்திருந்தால் முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள்ளின்மேல் விழ வேண்டும். இந்த முள் டயரின் வெளிப்புறத்தில் ஒடிந்து, உள்ளே ஒரு மில்லிமீட்டர் நுனியை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் தன்மையுடையது. டியூப் போட்ட டயராக இருந்தால், புது டியூபை மாற்றிய பத்தாவது நிமிடத்தில் அதே நுனி அதே இடத்தில் மறுபடியும் குத்தும். எனவே டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்தவுடன், வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே தூரத்தில் உள்ள இடத்தை முதலில் தேடுங்கள். விரலால் தடவினால் விரல் கிழியும்; ஒரு பருத்தித் துணியை உட்புறம் சுற்றிலும் இழுத்தால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கிக்கொள்ளும்.

டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல இறங்கினால், பெரும்பாலும் உள்ளே ஓட்டையை அடைப்பதற்காக இருக்கும் சீலன்ட் திரவம் காய்ந்துவிட்டது என்று பொருள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் அது திரவமாக நிற்பதில்லை. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். திரவம் தளும்பும் ஒலி கேட்கவில்லை என்றால் வால்வின் உள்முனையைக் கழற்றி, 40 மி.மீ. அகல டயருக்கு 60 முதல் 90 மி.லி. வரை ஊற்ற வேண்டும். ஒலி கேட்டும் காற்று இறங்கினால், வால்வின் அடிப்பகுதியில் எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அங்கே உள்ள சிறு நட்டைக் கையால் இறுக்கினாலே பல சமயம் போதும். இடுக்கி போட்டு இறுக்கினால், வழியில் டியூப் போட வேண்டிய நேரத்தில் அதைக் கழற்ற முடியாமல் போகும்.

ஒரே அடியில் காற்று போய்விட்டது

டியூபைக் கழற்றிப் பாருங்கள். அருகருகே இணையாக இரண்டு சிறு கீறல்கள் இருந்தால், கல் விளிம்பில் மோதியபோது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். மஞ்சனபெலெயிலிருந்து சாவன்துர்கா அடிவாரம் வரையுள்ள பாறைப் பகுதியில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில், டியூப்லெஸ் என்றால் முன்சக்கரத்தில் 30 முதல் 33, பின்சக்கரத்தில் 33 முதல் 37 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வைத்துத் தொடங்கலாம், டியூப் போட்டிருந்தால் அதற்கு மேல் ஐந்தாறு கூட்டிக்கொள்ள வேண்டும். பயணப் பைகளைக் கட்டியிருந்தால் பின்சக்கரத்துக்கு இன்னும் சற்றுக் கூட்டுங்கள்.

டியூப்லெஸ் டயர் சட்டென்று காற்றை உமிழ்ந்துவிட்டு, மீண்டும் அடித்தால் நிற்கிறது என்றால், திருப்பத்திலோ கல்லிலோ டயரின் விளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் விலகியிருக்கிறது. இதுவும் அழுத்தக் குறைவின் விளைவே. சீலன்ட் பீய்ச்சியடித்தபடி இருந்தால், ஓட்டை தரையைப் பார்த்து நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நேரம் காத்திருங்கள்; திரவம் அங்கே தேங்கி அடைக்கும். அடைக்காத ஓட்டைக்கு ரப்பர்த் திரியைச் செருக வேண்டும். டயரின் பக்கச்சுவரே கிழிந்திருந்தால் திரி நிற்காது. டியூப் ஒன்றை உள்ளே போட்டு, கிழிசலுக்கும் டியூபுக்கும் இடையே பழைய டயரிலிருந்து வெட்டி எடுத்த துண்டை வைக்க வேண்டும். அந்தத் துண்டைக் கருவிப் பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுவேன். கருங்கல் சல்லி கிழிப்பது பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான்.

இன்னொன்றையும் வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். கிராமத்துப் பஞ்சர் கடைகளில் காற்று கிடைக்கும். ஆனால் அங்குள்ள குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கு ஏற்றது, நம்முடைய மெல்லிய பிரெஸ்டா வால்வில் அது பொருந்தாது. சிறு பித்தளை மாற்றி ஒன்றை வால்வு மூடியோடு திருகி வைத்திருந்தால், சந்நபட்டணத்திலும் மளவள்ளியிலும் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

மேட்டில் பின்சக்கரம் சுழல்கிறது, மணலில் முன்சக்கரம் தானாகத் திரும்புகிறது

இவை இரண்டிலும் சைக்கிளில் பழுது எதுவும் இல்லை. உடலின் எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. உதிரிச் சரளை மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து அது வெறுமனே சுழலும். இருக்கையிலேயே அமர்ந்து, மார்பைத் தாழ்த்தி, இலகுவான கியரில் சீராக மிதிக்க வேண்டும். தலக்காட்டில் காவிரி வளைவின் மணல் பழைய கோயில்களையே மூடியிருக்கிறது. கங்கர்களின் தலைநகராக இருந்து, சோழர் கைப்பற்றியபின் ராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. அந்த மணலில் எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, முன்சக்கரம் சற்று அலைவதை அலைய விட்டு, மிதிப்பதை மட்டும் நிறுத்தாமல் போக வேண்டும். பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள். மணல் கணுக்கால் ஆழம் என்றால் இறங்கித் தள்ளுவதே விரைவான வழி.

கியர் தாவுகிறது, செயின் நழுவுகிறது

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. அவற்றைச் சோதிக்கும் வரிசை முக்கியம். கேபிளைத் திருகத் தொடங்குவதற்கு முன்பு, சைக்கிள் வலப்புறமாக விழுந்ததா, அல்லது வலப்புறத்தைக் கல்லில் சாய்த்து நிறுத்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால், சைக்கிளின் பின்னால் குனிந்து, டிரெயிலரின் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின்புறக் கருவி) இரு சிறு பற்சக்கரங்களும் கியர்ப் பற்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். உட்புறம் சாய்ந்திருந்தால், டிரெயிலரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. கையால் நிமிர்த்தலாம்; ஆனால் முறியக்கூடிய மென்மையான உலோகம் அது. நிமிர்த்தாமல் தொடர வேண்டியிருந்தால் உட்புறமுள்ள பெரிய பற்சக்கரத்துக்குப் போகாதீர்கள்; போனால் டிரெயிலர் ஸ்போக் கம்பிகளுக்குள் சிக்கும், அதற்குப் பிறகு பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். உங்கள் சைக்கிள் மாடலுக்குரிய உதிரி ஹேங்கரின் எடை மிகக் குறைவுதான். அது எல்லாச் சைக்கிள்களுக்கும் பொதுவான பொருள் அன்று, வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே எடுத்துச் செல்லுங்கள்.

சாய்த்து நிறுத்துவது பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர்களில் ஏரிக்கரையிலும் கோயில் வாசலிலும் நடுகற்களும் கல்வெட்டுகளும் திறந்த வெளியில் நிற்கின்றன. கர்நாடகத்தின் இந்தத் தென்கிழக்குப் பகுதியில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி. அவை சைக்கிள் சாய்ப்பதற்கு வாகான உயரத்தில் இருப்பதனாலேயே பலரும் சாய்க்கிறார்கள். மிதிகட்டையின் உலோகம் உரசி ஓர் எழுத்து தேய்ந்தாலும் அதைத் திரும்பப் பெற வழியில்லை. வேலியிலோ மரத்திலோ, இடப்புறம் சாயும்படி நிறுத்துங்கள். கல்வெட்டும் பிழைக்கும், ஹேங்கரும் பிழைக்கும்.

ஹேங்கர் நேராக இருந்தால் அடுத்தது கேபிள். பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது; டிரெயிலரிலோ கேபிள் வழியிலோ உள்ள திருகை வெளிப்புறமாக அரைச்சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மீண்டும் அரைச்சுற்று திருப்புங்கள். சிறிய பற்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் அதிகமாக இறுகியிருக்கலாம். ஆனால் கால்வாய்க் கரைத் தூசியில் பல நாள் ஓடிய சைக்கிளில் கேபிள் உறைக்குள் மண் புகுந்து, கேபிள் திரும்பி வராமல் பிடித்துக்கொள்வதே வழக்கமான காரணம். திருகைத் திருப்பி இதைச் சரிசெய்ய முயன்றால் நல்ல கியர்களும் கெடும். உறையையும் கேபிளையும் மாற்றுவது மட்டுமே தீர்வு.

மூன்றாவது, செயின் தேய்மானம். கருவி இல்லாமலும் அளக்கலாம்: புதுச் செயினில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசியின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அந்த ஊசி 12 அங்குலக் கோட்டை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால், அரை விழுக்காடு நீண்டுவிட்டது. 11, 12 கியர்ச் செயினை அப்போதே மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பற்சக்கரத் தொகுதியும் தேய்ந்து, செலவு பல மடங்காகும். நான்காவது காரணம், விறைத்துப்போன ஒற்றைக் கண்ணி. செயினைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் டிரெயிலரைக் கடக்கும்போது துள்ளும் கண்ணி அதுவே; இரு கைகளால் பிடித்துப் பக்கவாட்டில் நெளித்தால் இளகும்.

சக்கரம் சுற்ற மறுக்கிறது

அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் இங்கே விவசாயிகள் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுக் கொடியையும் தார்ச்சாலையில் பரப்பி, வாகனங்கள் ஏறி மிதிக்க விடுவார்கள். அது அவர்களுடைய களம் என்ற நினைப்போடு, முடிந்தால் ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஏறியே போக நேர்ந்து, தாள் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால், உடனே மிதிப்பதை நிறுத்த வேண்டும். வலுவாக மிதித்து அறுத்துவிடலாம் என்று எண்ணினால் டிரெயிலர் பின்னால் இழுபட்டு ஒடியும். சக்கரத்தைக் கழற்றி, தாள் சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் பிரித்தெடுங்கள்.

மழைக்காலக் களிமண்ணும் கரிசலும் வேறு வகை. ஈரம் நன்றாக ஊறிய கரிசலில் சில சுற்றுகளிலேயே டயருக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அடைபட்டுப் போகும். குச்சியால் சுரண்டிவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு, புல் முளைத்த வரப்பைத் தேடிப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் அழுத்தக் குழாயால் பேரிங்குகள்மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். கிரீஸ் வெளியேறி மண்நீர் உள்ளே போகும்.

பிரேக் கத்துகிறது, அல்லது பிடிப்பதில்லை

ஆற்றைக் கடந்தவுடன் டிஸ்க் பிரேக் கத்தினால் கவலை வேண்டாம். சில முறை பிடித்து விட்டால் காய்ந்து நின்றுவிடும். காய்ந்த பிறகும் கத்தி, பிடிப்பும் குறைந்திருந்தால், டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு எண்ணெயைப் பீய்ச்சும் டப்பாவே வழக்கமான குற்றவாளி. எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொடுவதும் போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் டிஸ்க்கைத் துடைத்து, பிரேக் பட்டைகளின் மேற்பரப்பை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, சமதளத்தில் நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை பிடித்து விட்டுப் பழக்குங்கள். அப்படியும் மாறாவிட்டால் பட்டை எண்ணெயைக் குடித்துவிட்டது. புதிதாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நெம்புகோல் ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறதா? கேபிள் வகையில் பட்டை தேய்ந்திருக்கும். பட்டைகளைத் தாங்கும் காலிப்பரில் உள்ள திருகால் பட்டையை டிஸ்க்குக்கு அருகே நகர்த்தலாம். ஹைட்ராலிக் வகையில், இரண்டு மூன்று முறை வேகமாக அழுத்தியதும் நெம்புகோல் கெட்டிப்பட்டால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இதை வழியில் சரிசெய்ய இயலாது; மலையிறக்கம் உள்ள பாதையைக் கைவிட்டு, சமதளமாகத் திரும்பிவிடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை உரசும் ஒலி கேட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது. இடைவிடாமல் உரசினால் காலிப்பர் நகர்ந்திருக்கிறது. இரண்டாவதற்குக் காலிப்பரின் இரு போல்ட்டுகளையும் தளர்த்தி, நெம்புகோலை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் இறுக்கினால் சரியாகும்.

கிறீச்சொலி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

மிதிக்காமல் உருளும்போது நின்றுவிட்டால், மிதிகட்டை, கிராங்க் (மிதிகட்டையைத் தாங்கும் கை), அடி பேரிங் ஆகியவற்றில் ஒன்று. எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் நின்றுவிட்டால் இருக்கைக் குழாய். அதைக் கழற்றித் துடைத்து, உலோகம் என்றால் கிரீஸும் கார்பன் என்றால் அதற்குரிய பசையும் தடவி மாட்டுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே டக்கென்று தட்டினால், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியைச் சிறிது சிறிதாக இறுக்கி, தட்டுவது நின்றதும் பக்கப் போல்ட்டுகளை அதில் அச்சிட்டுள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன, முழங்கால் வலிக்கிறது

சரளையின் அதிர்வு உள்ளங்கையின் விளிம்பில் ஓடும் அல்னர் நரம்பை அழுத்துவதால் அந்த இரு விரல்கள் மரக்கின்றன. முன் டயரில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்து, பிடியை அடிக்கடி மாற்றினால் தணியும். தணியாவிட்டால் இருக்கையின் முன்முனை தாழ்ந்து, உடல் எடை கைகளில் இறங்குகிறதா என்று பாருங்கள். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள்.

தண்ணீர் குடித்தும் தலைவலியும் குமட்டலும்

வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்து, வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யாவிட்டால் இரத்தத்தில் சோடியம் குறையும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அந்த அளவிலேயே கரைத்துக் குடிக்கலாம். உப்புப் போட்ட மோர் எந்த ஊரிலும் கேட்டால் தருவார்கள். இளநீர்ச் சந்தைக்குப் பேர்போன மத்தூர் இந்த வழியில்தான் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே அதோடு உப்புள்ள உணவும் வேண்டும். உடன் வருகிறவர் பேச்சில் குழறினாலோ, உடல் கொதிக்கும்போதே நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு: நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, 108-ஐ அழையுங்கள்.

வரைபடத்தில் உள்ள பாதை தரையில் இல்லை

என் கருத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் மிகவும் ஆபத்தான அறிகுறி இதுவே. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது கல்குவாரிக்குப் போகும் லாரித் தடமாக இருக்கலாம். வறண்ட ஏரியின் நடுவே போகும் மாட்டுத்தடமாக இருக்கலாம், அது மழைக்குப் பின் நீருக்கடியில் கிடக்கும். குவாரித் தடம் என்றால் உடனே திரும்புங்கள். வெடி வைக்கும் நேரத்தை வெளியாள் அறிய முடியாது. வயலில் முடிந்தால் வரப்பில் ஏறாமல், அங்கே இருப்பவரிடம் கன்னடத்தில் வழி கேளுங்கள். இரண்டு வாக்கியம் தெரிந்தாலே போதும், பெரும்பாலும் அவர்களே கூட நடந்துவந்து காட்டுவார்கள்.

பாதையின் குறுக்கே ஆழமான அகழியோ சூரிய மின்வேலியோ வந்தால், அது யானைகளைத் தடுக்க வனத்துறை அமைத்தது, அப்பால் காடு. நகரின் தெற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்காவும், சங்கமம், முத்தத்தியை உள்ளடக்கிய காவிரி வனவிலங்கு சரணாலயமும் இருக்கின்றன. வேலியில் இடைவெளி இருந்தாலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். இருட்டத் தொடங்கிய பிறகு வேலியோரப் பாதையிலும் போகக்கூடாது.

தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால், ஆழம் குறைவாகத் தோன்றினாலும் கடக்காதீர்கள். மேலே மழை பெய்யாமலேயே, அணை திறந்ததால் காவிரியில் நீர் உயரும். மேகதாட்டு, முத்தத்தி சுழல்களில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கால் கழுவுவதற்குக்கூட ஊர்க்காரர்கள் இறங்கும் துறையை விட்டு வேறிடத்தில் இறங்க வேண்டாம்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டுவதைவிட நின்று இறங்கி, சைக்கிளை இடையில் நிறுத்தி, மெல்ல நடப்பது நல்லது. கடித்துவிட்டால் காயம் சிறிதென்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எதுவும் சரியாகவில்லை

பெங்களூர்–மைசூர் ரயில் பாதை பிடதி, ராமநகரம், சந்நபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கபட்டணம் வழியே போகிறது. அந்தப் பக்கம் பழுதானால் அருகிலுள்ள நிலையத்தில் சைக்கிளைச் சரக்காக ஏற்ற வசதி உண்டா என்று கேட்கலாம். கனகபுரம் பக்கம் ரயில் இல்லை. கடைத்தெரு உள்ள ஊர் வரை தள்ளிக்கொண்டு போய்ச் சரக்கு ஆட்டோ பேசுவதே வழி. எவ்வளவு அவசரமானாலும் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் நடுத்தடத்தில் ஏறாதீர்கள்: 2023 ஆகஸ்ட் முதல் அங்கே இருசக்கர வாகனங்களுக்கும் சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. இருபுறமும் உள்ள சேவைச் சாலையில்தான் போக வேண்டும். பஞ்சர் கடைகள் இருப்பதும் அந்தச் சாலையோரத்தில்தான்.